‘வாங்க’ என்றான் செனோன்

வடகடலினின்று எழுந்த நுண்தூறல், மலைமுகடுகளை மறைத்து, ஆப்பிள் தோப்புகளை நனைத்து, இரும்புருக்கும் ஆலைகளின் புகைக்கூண்டுகளை நீராட்டி, உர்பெல்சு என்னும் எம்மூரின்மீது மூன்று நாளாய் இடையறாது பொழிந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல்; கோயிலில் வழிபாடு முடிந்து, ஆடவர் தத்தம் வட்டத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டும், பெண்டிர் கறுப்புக் குடைகளை விரித்துக்கொண்டும், ஒருவரையொருவர் இடித்தும் வைதும் ஆற்றங்கரைப் புல்வெளி நோக்கி விரைந்தனர். அப்புல்வெளி கிழமையில் ஆறு நாள் மாடுகளுக்கு உரியது. ஏழாம் நாள் எங்களுக்கு உரியது. மாடுகள் விட்டுச்சென்றவற்றின்மீது விழுந்தும் எழுந்தும் வழுக்கியும் ஆடுவதே எங்கள் கால்பந்தாட்டம்.

அறிவிற் சிறந்தீர்! அஃது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் ஆண்டு. அன்று நடந்தது பள்ளத்தாக்கு வெற்றிக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி. எங்கள் அணியின் வலையைக் காத்து நின்றவன் நான். பெரும்பான்மையும் பந்து என் பக்கம் வாராது. குளிரில் கைகளை ஊதிக்கொண்டு நிற்பதே என் தொழில். ஆதலின் எல்லாவற்றையும் தொலைவிலிருந்து நன்றாகப் பார்த்தேன். பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

எம் அணியின் முன்னணி வீரன் பலெந்தின். அவனுக்கு இடப்புறம் ஓடுபவன் செனோன். மலைச்சரிவில் இருவர் வீடும் அடுத்தடுத்தவை. நடுவிலே ஒரு வேலி. அவ்வேலியிலே, தவழும் பருவந்தொட்டு இருவரும் புகுந்து புகுந்து உண்டாக்கிய ஒரு பொத்தல். செனோன் ஓரத்திலே ஓடிப் பந்தை உயர அனுப்புவான். பலெந்தின் அதனை வலைக்குள் செலுத்துவான். ஊர் பலெந்தினைப் புகழும். செனோன் அதனைப் பொருட்படுத்தியதே இல்லை.

“டேய் மாடு, இன்னிக்காவது தலைய நிமித்திப் பாருடா. பந்து வருது வருதுன்னு நான் எத்தன தடவ கத்துறது?” என்றான் செனோன், காலணியின் கயிற்றை இறுக்கியவாறே.

“நீ மொதல்ல ஒழுங்கா அனுப்புடா. போன வாரம் ஆத்துக்குள்ள அனுப்புன. மீனா வந்து கோல் போடும்?” என்றான் பலெந்தின்.

எங்கள் மலைமொழியிலும் அழைப்புச் சொல் இரண்டு. உடன்பிறந்தானுக்கும், உயிர்த்தோழனுக்கும், கொட்டிலில் நிற்கும் எருதுக்கும் ஒன்று. பங்குத்தந்தைக்கும், மருத்துவருக்கும், வழிகேட்டு வரும் அயலானுக்கும் மற்றொன்று. முன்னதைப் பெறுவதற்கு ஒருவனோடு ஒருவன் பிறந்து வளரவேண்டும். பின்னது எவர்க்கும் எளிதிற் கிடைக்கும்.

ஆட்டம் முடிதற்குச் சிறுபொழுதே எஞ்சியிருந்தது. இருபக்கமும் வலை தொடப்படவில்லை. செனோன் பந்தோடு ஓரமாய் ஓட, எதிரணித் தடுப்பாளன் ஒருவன் சேற்றில் வழுக்கிவந்து அவன் முழங்காலின்கீழ் மோதினான். எலும்பு முறிந்த ஓசை என் காதுவரை வந்தது.

“பலெந்தின்! காலு போச்சுடா! டேய், இங்க வாடா!”

எதிரணியினர் நின்றனர். ஒருவன் கையுயர்த்தி நடுவரை அழைத்தான். அவர்தம் வலைகாவலனும் கால் முறிந்தவனையே பார்த்து நின்றான். நடுவர் மட்டும் தொலைவிலே சேற்றில் சிக்கி இன்னும் ஊதவில்லை. பந்து உருண்டு பலெந்தினிடம் வந்தது. அவன் ஒருமுறை தோழனைப் பார்த்தான். பார்த்ததை நான் கண்டேன். பின்னர்ப் பந்தோடு ஓடி, காவலற்ற வலைக்குள் அதனைத் தள்ளினான்.

ஊரே புல்வெளியில் இறங்கிற்று. நானும் துள்ளிக் குதித்தவன்தான்; பொய் சொல்ல மாட்டேன். பலெந்தினைத் தோளிலே தூக்கினர். செனோனைக் கதவுப் பலகை ஒன்றிலே தூக்கினர். தோளும் பலகையும் ஒன்றையொன்று கடந்தபோது, ‘என்னை இறக்குங்கள்’ என்று பலெந்தின் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

எட்டாம் நாள், சூடான சோள அடையைத் துணியிற் சுற்றிக்கொண்டு பலெந்தின் செனோன் வீட்டுக்குப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துப் போனான்.

“எப்படிடா இருக்க?”

“வாங்க, உக்காருங்க,” என்றான் செனோன், படுக்கையில் சாய்ந்தவாறே. “கால் பரவால்லீங்க.”

பலெந்தின் சிரித்துவிட்டான். “என்னடா இது, வாங்க போங்கன்னு? பங்குச்சாமியா வந்திருக்கேன்?”

“பெரிய ஆட்டக்காரர் நீங்க. மரியாத குடுக்கணும் இல்லீங்களா?”

அக்குரலிலே சினமில்லை, கிண்டலில்லை. அயலூரானுக்கு வழி சொல்லும் குரல் அது. நன்றாக நாலு கெட்ட வார்த்தை சொல்லித் துரத்தியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். சோள அடையைப் பணிவாய் வாங்கி, நன்றியுங் கூறி, அதனை அவன் ஓரமாய் வைத்தான்.

பின்வந்த ஒன்பது ஆண்டுகளில் பலெந்தின் ஆடிய ஆட்டத்தை நாளிதழ்கள் எழுதின. ஒளிப்படக்காரர் வந்து படம் பிடித்தனர். அவன் காலிலிருந்து பந்து புறப்பட்டால் வலைகாவலர் கண்ணை மூடிக்கொண்டனர். ஆயினும் வலை குலுங்கிய பின் அவன் கையுயர்த்தியதுமில்லை, முறுவலித்ததுமில்லை. முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்தெறிந்துவிட்டு நடுக்கோட்டுக்கு நடப்பான். ஊரார் அவனுக்குக் ‘கல்லு’ என்று பெயரிட்டனர். “அடேய் கல்லு, ஒரு தடவ சிரிச்சா கொறஞ்சா போயிடுவ?” என்று வேலியோரத்திலிருந்து கூவுவர். அவன் திரும்பிப் பாரான்.

“கால் மரத்துப்போனாக் கிள்ளிப் பாப்போமே, அந்த மாதிரி உள்ளுக்குள்ள கிள்ளிக் கிள்ளிப் பாக்குறேன்டா. ஒண்ணும் தெரியல,” என்றான் என்னிடம் ஒருநாள்.

தலைநகரத்து அணியினர் இருமுறை அழைத்தனர், அவன் போகவில்லை. ஆகா, என்னே இவன் ஊர்ப்பற்று என்று வியந்தனர் பெரியோர். ஊர்ப்பற்றாவது, வெங்காயமாவது! நொண்டிக்கால் செனோன் வீட்டுச் சரிவில், திங்கட்கிழமைதோறும் ஆலை விட்டதும் போய்ப் புல்லறுப்பான். அதனை விட்டுப் போக அவனுக்கு மனமில்லை. அறுத்து முடித்து, வியர்வையோடு வாயிலில் நின்று கெஞ்சுவான்.

“ஒரே ஒரு தடவ திட்டுடா. வாய் நெறைய திட்டு. அப்பன் ஆத்தாள இழுத்துத் திட்டு.”

“ஐயோ, உங்களப் போய்த் திட்டுவாங்களா? ரொம்பச் சிரமப்படுத்திக்கிறீங்க. தண்ணி குடிங்க.”

ஒன்பது ஆண்டு! ஓர் ‘அடே’ என்னும் சொல்லுக்காக ஒருவன் ஒன்பது ஆண்டு புல்லறுத்தான். அவன் மட்டும் ஒருநாளும் தன் ‘டா’வை விட்டானில்லை, சாத்திய கதவைத் தட்டுவது போல் அதனைச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றாம் ஆண்டு, முழங்கால் வீங்கி, மூச்சு வாங்க, பலெந்தின் தன் இறுதி ஆட்டத்தை ஆடினான். வழியனுப்பு விழாவில் மரப்பட்டயம் ஒன்றை வழங்கும்படி செனோனை வேண்டினர். கால் முறிந்த நாளுக்குப் பின் முதன்முறையாக அப்புல்வெளியில் அவன் கால் வைத்தான். “இவர் நம்ம ஊருக்குக் கிடைச்ச பெரிய மனுசர். இவர் பக்கத்துல ஆடுனது என் பாக்கியம்,” என்று கைத்தடியில் ஊன்றியவாறே பேசினான். பெண்டிர் கண்ணைத் துடைத்தனர். ஒவ்வொரு ‘இவர்’ விழுந்தபோதும் பலெந்தினின் முகத்தை நான் பார்த்தேன். அதில் ஓர் அசைவும் இல்லை. அது எனக்கு அச்சம் தந்தது.

பகலொளி மங்குமுன் மூவரும் மலையேறினோம். பட்டயத்தை நான் சுமந்தேன். செனோன் வீட்டு வாயிலை அடைந்ததும் பலெந்தின் நின்று, தொப்பியைக் கழற்றி, தலை தாழ்த்தினான்.

“வரேங்க. கால பாத்துக்குங்க. அடுத்த வாரத்துலேருந்து புல்லறுக்க ஆள் சொல்லியிருக்கேங்க.”

வாயிற்கதவைத் திறக்கப்போன செனோனின் கை அப்படியே நின்றுவிட்டது. கைத்தடி கீழே விழுந்தது.

“யாரப் பாத்துடா ‘ங்க’ங்கற?” என்று கத்தினான். “டேய் மாடு! நான்தான் சொன்னேன்னா நீயும் சொல்லுவியா? நீ ‘டா’ங்கறதக் கேக்கத்தானடா திங்கக்கெழம திங்கக்கெழம உக்காந்திருந்தேன்! நீ கோல் போட்டதுக்கு இல்லடா, தோள்லேருந்து எறங்கி வரல பாரு, அதுக்குத்தான்டா... டேய், எதாவது சொல்லுடா!”

பலெந்தின் அசையாது நின்றான். காத்திருந்த சொல் வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாய், மழையாய், வேண்டிய மட்டும் வந்தது. அவன் தன்னுள்ளே எங்கோ ஓர் அசைவு நிகழுமென எதிர்நோக்கி நின்றான். நான் அருகிருந்து பார்த்தேன், நிகழவேயில்லை. குனிந்து கைத்தடியை எடுத்துத் தோழனின் கையில் மெல்ல வைத்தான்.

“இருட்டப் போகுதுங்க,” என்றான். “உள்ள போங்க.”

இருவரும் இன்றும் உளர். ஞாயிறுதோறும் கோயிலில் ஒரே இருக்கையில் அமர்ந்து, ‘வாங்க’ என்று ஒருவரும் ‘உக்காருங்க’ என்று மற்றவரும் சொல்லிக்கொள்கின்றனர். நட்பிலும் எத்துணைப் பண்பாடு என்று அயலூரார் வியக்கின்றனர். எம்மூர்த் தாய்மார் தம் மக்கட்கு அவ்விருவரையும் சுட்டிக்காட்டி நற்பழக்கம் கற்பிக்கின்றனர். அறிவிற் சிறந்தீர், அவ்விடத்தில் நான் வாய் திறப்பதில்லை. வீட்டுக்கு வந்து, என் தம்பியை அழைத்து, காரணமின்றி நாலு திட்டுத் திட்டுகிறேன்.