மூன்றாவது கை

தென்னூரில் குடைக்கடை வைத்திருந்த சகாயநாதன் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பொன்னுத்தாய் வந்து வாசலில் நின்றாள். கையில் குடை இல்லை. யாரென்று தெரிந்ததும் கம்பியைக் கீழே வைத்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் வெள்ளிக் கூஜா திருடியதாகப் போன வருஷம் ஜெயிலுக்குப் போனானே வண்டிக்காரப் பிச்சமுத்து, அவன் பெண்டாட்டி. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர்களிலிருந்து அழைத்த ஜூரிகள் ஐந்து பேர். குற்றவாளி என்று சொன்னவர்கள் மூன்று பேர். மூன்றாவதாக எழுந்த கை இவருடையது.

அடேயப்பா, ஜூரியாக வரச்சொல்லிச் சம்மன் வந்தபோது மனுஷருக்கு என்ன மிதப்பு! தெருவெல்லாம் தம்பட்டம். ஆனால் விசாரணையைக் கேட்கக் கேட்க, சாட்சி சொன்னவன் பழைய பகையில் புளுகுகிறான் என்றுதான் அவருக்குப் பட்டது. விட்டுவிடலாம் என்றே இருந்தார். கடைசியில் ஜட்ஜ் ஜூரிகள் பக்கம் திரும்பி, "அன்னைக்கு எங்கே இருந்தான்னு இவன் வாயே திறக்கலை. குத்தமில்லாதவன் சும்மா இருப்பானா, யோசிச்சுப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். படித்த பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜூரி அறையில் கையைத் தூக்கிவிட்டார்.

"ஐகோர்ட்ல அப்பீலத் தள்ளிட்டாங்க, முதலாளி" என்றாள் பொன்னுத்தாய். "ஜட்ஜ் அப்படிச் சொன்னது தப்புதானாம். பேசாம இருந்ததக் குத்தமா எடுத்துக்கக் கூடாதாம்."

"அப்புறம் ஏம்மா தள்ளினாங்க?"

"ஜட்ஜ் அதச் சொல்லாட்டியும் ஜூரிங்க இதையேதான் சொல்லியிருப்பாங்களாம். அதனால அந்தத் தப்பால ஒண்ணும் கெட்டுப்போகலையாம். வக்கீல் ஐயா சொன்னாரு."

சகாயநாதனுக்கு முகம் சுட்டது. அந்த ஒரு பேச்சு இல்லாவிட்டால் தன் கை எழுந்தே இருக்காது என்பது அவருக்குத் தெரியும். மெட்ராஸ் ஐகோர்ட்டில் அவரை யார் கேட்டார்கள்?

"இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு தெரியுங்க. ஞாயித்துக்கிழமை அவரப் பாக்க ஜெயிலுக்குப் போறேன். அவங்க சொன்னது நெசந்தானா? நீங்க எப்படியும் அவரத் திருடன்னுதான் சொல்லியிருப்பீங்களா?"

இல்லையம்மா என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் பேச்சைக் கேட்டு ஒருத்தனை உள்ளே தள்ளினேன் என்று இந்தத் தெருவில் வைத்து எப்படிச் சொல்வது? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. குனிந்துகொண்டார்.

அவள் வெகுநேரம் காத்து நின்றாள்.

"அவருக்கும் அன்னைக்குக் கோர்ட்ல இப்படித்தாங்க நாக்கு எழல" என்றாள்.

முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். துணி போடாத குடையை விரித்துப் பிடித்தபடி சகாயநாதன் வாசலில் நின்றார்.