நீல மையில் ஒரு பல்வலி

மூன்று தேர்தல், மூன்று வெற்றி. துண்டறிக்கைக்கு அந்த ஒரு வரி போதும் என்றார் சட்டமன்ற உறுப்பினர். வாக்கு வித்தியாசத்தைப் போட வேண்டாமாம். முதலில் ஒன்பதாயிரம், அடுத்து மூவாயிரம், கடைசியில் இருநூற்றுப் பதினான்கு. பதினோரு வருடமாக அவருக்கு உதவியாளராக இருப்பவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

நான்கு மணிக்கு நகர மண்டபத்தில் பொது விவாதம். அனல் மின் நிலையத்தை மூடலாமா, கூடாதா? அவர் 'கூடாது' பக்கம். அவளுடைய அண்ணனுக்கு அங்கே கொதிகலன் பிரிவில் வேலை. வெளியூர்க் காற்றாலைக்கு மாற விரும்புகிறவர்கள் இன்று ஐந்து மணிக்குள் படிவம் கொடுத்துவிட வேண்டும். காலையிலேயே அவன் போன் செய்தான்.

"குட்டி, கையெழுத்துப் போடவா, வேண்டாமா?"

"மூட விடமாட்டேன்னுதான் சார் சொல்றார்."

"அவர் சொல்றத டிவியில கேட்டுக்கறேன். நீ என்ன சொல்ற?"

"சாயந்தரம் சொல்றேன்ணா."

வீட்டில் விவரம் தெரிந்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான். அந்தப் பெயர் பிடித்துப்போனதாலோ என்னவோ, அவள் எதையும் ரொம்பக் கிளறிப் பார்த்ததில்லை.

யாராவது கேட்டால் கைவசம் இருக்கட்டும் என்று சபையின் வாக்குப் பதிவை எடுத்தாள். மின் நிலையம் நம்பியிருந்த நிலக்கரி மானியத்தை நிறுத்தும் தீர்மானம் ஒரே வாக்கில் நிறைவேறியிருந்தது. அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றிருந்தது. சபை வாசல் வரை வந்தவருக்குத் திடீரென்று பல்வலி என்று அன்று நிருபர்களுக்குச் சொன்னதே அவள்தான்.

நாட்குறிப்பில் அந்தத் தேதியைப் புரட்டினாள். மறுநாள் வேலைகளை முந்தின மாலையே நீல மையில் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அன்றன்று மாறுவதைச் சிவப்பில் திருத்துவாள். 'காலை 11, பல் மருத்துவர்' நீலத்தில் இருந்தது, பல் வலிப்பதற்கு முந்தின மாலையே. அவளுடைய கையெழுத்தேதான்.

கார் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநரிடம் போனாள்.

"அன்னைக்கு எந்த டாக்டர்கிட்டண்ணே போனீங்க?"

"டாக்டரா? வண்டியில உக்காந்து ஒரு பொட்டலம் கடலைய மென்னு தீர்த்தார். அப்படி ஒரு பல்வலி!" சிரித்தவர் சட்டென்று அடங்கினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா."

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மின் நிலையக் குடும்பங்கள். என் உயிர் உள்ளவரை அந்தப் புகைபோக்கி ஓயாது என்று அவர் முழங்கியதும் கைதட்டல் அடங்க நேரமானது. பின் வரிசையிலிருந்து ஒரு ஆசிரியை எழுந்தார்.

"மானியத் தீர்மானத்தன்னைக்கு நீங்க எங்க போயிட்டீங்க?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "பல்லு பண்ணின வேலைங்க. நம்பலன்னா எங்க உதவியாளரையே கேளுங்க."

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. யோசிப்பதற்குள் அவள் தலை ஆடிவிட்டது, ஆமாம் என்று. பதினோரு வருடப் பழக்கம். முன் வரிசைப் பெண் ஒருத்தி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் இவள் இருக்கையை விட்டு எழுந்தாள். எத்தனை தடவை இப்படி ஆட்டியிருக்கிறேன்?

வெளியே வந்து அண்ணனை அழைத்தாள். மணி நாலே முக்கால்.

"போட்டுடுண்ணா. உடனே."

"என்னடி, நிச்சயமாவா? இங்க பசங்க எல்லாம் உங்க சாரை நம்பிப் படிவத்தைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

உள்ளே மறுபடி கைதட்டினார்கள். தன் அண்ணன் மட்டும் தப்பித்தால் போதும் என்று வந்தவள்தான் அவள்.

"அவங்ககிட்டயும் சொல்லு," என்றாள். "யார் சொன்னான்னு கேட்டா, நான்தான்னு சொல்லு."