ஆடாமல் போகவேண்டிய கேரவன்

1

இந்தக் கதை எனக்கு ஷார்ஜா ரோலாவில், பணம் அனுப்பும் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற பெண் போனில் சொன்னாள்: "வந்து இருபத்திரண்டு நாளாச்சுக்கா. இன்னும் இவுக தூங்கி நான் பாக்கல."

மீதி என் கற்பனை. அவளுக்கு நாகவள்ளி என்று பெயர் வைத்தேன். கணவன் வைரவன், வண்டிப் பட்டறை ஃபிட்டர். அவனுக்குக் கேம்பில் எட்டுப் பேர் ரூம். ஒரு மாத விசிட் விசாவில் வந்தவளுக்கு உறவினர் வீட்டில், மூன்று குழந்தைகளுக்கு நடுவே பாய். சந்திப்பதெல்லாம் பார்க் பெஞ்சில்.

(முதலில் 'பாலைவனத்தில் சூரியன்...' என்று தொடங்கினேன். அந்தச் சூரியனை முப்பது வருடமாக வாரப் பத்திரிகைக் கதைகளில் வாராவாரம் உதிக்க வைத்தாயிற்று. போதும்.)

2

பட்டறை அர்பாப், அதாவது முதலாளி, பிக்கப்பின் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கேரவன் வீடு ஒன்று வாங்கினார். வைரவனிடம் சொன்னார்: "ஸ்வே கன்ட்ரோல்* மாட்டு. உம்முல் குவைன் கடற்கரை வரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துப் பார். ஆடவில்லை என்றால் இரண்டு நாள் நீயும் பீவியும் அங்கேயே தங்குங்கள். ஹிலேகா தோ வாபஸ்!" ஆடினால் திரும்பிவிட வேண்டும்.

(*இழுத்துப் போகும்போது கேரவன் வாலாட்டாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி.)

வைரவன் ஒற்றைக் கம்பியை எடுத்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடை நெய்னா முகம்மது பிடுங்கி வைத்தார்.

"இது சின்ன டிரெய்லருக்குப்பா. உன்னது இருபதடி. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் கம்பி உள்ள செட்டை எடு."

"எது ஆடாது பாய்?"

"பொண்டாட்டிய நெனைக்காம போல்ட்டை முறுக்கு. ஆடாது."

3

நாகவள்ளியை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அறுபதிலேயே ஆடியது. வைரவன் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெல்ல விட்டான். ஓரம் கட்டி, பாய்க்குப் போன் போட்டான்.

"பின்னாடி என்னப்பா ஏத்துன?"

"பன்னெண்டு தண்ணி கேன், ஜெனரேட்டர். இறக்கச் சுளுவா பின்கதவு ஓரமா..."

"குடோன் லாரின்னு நெனச்சியா? கூறுகெட்டவனே! வெயிட்டையெல்லாம் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால தள்ளு!"

பட்டறைக்கு வருமுன் பத்து வருடம் குடோனில் சரக்கு ஏற்றிய கைப்பழக்கம். வைரவன் சாவியைப் பார்த்தபடி நின்றான். "ஆடிருச்சே வள்ளி. அர்பாப் சொன்ன மாதிரி..."

"திருப்புங்க பாப்போம். வண்டிக்கு முன்னாடி படுத்துருவேன்."

சேலையைச் செருகிக்கொண்டு அவளே முதல் கேனைத் தூக்கினாள்.

4

முடிவு ஒன்று: எண்பதில் மறுபடி ஆடுகிறது, திரும்புகிறார்கள். எழுதினேன், அடித்துவிட்டேன். அவளுக்கு எட்டு நாள்தான் பாக்கி.

முடிவு இரண்டு: அர்பாபின் பிள்ளைகள் கேரவனைக் கேட்டு... இல்லை. அவ்வளவு கல்நெஞ்சு எனக்கில்லை.

முடிவு மூன்று: எண்பது. கேரவன் கோடு போட்டமாதிரி வருகிறது. அஸர் தொழுகை நேரம், சாயங்காலக் கடற்கரை. பிக்கப் நிற்கிறது. இருவரும் கேரவனுக்குள் ஏறுகிறார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்.

இதற்குமேல் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் சந்தோஷப்படுவார். நான் மாட்டேன். உள்ளே என்ன என்று நீங்களும் கேட்காதீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் சத்தமில்லாமல், இந்தப் பக்கமாக வந்துவிடுங்கள்.