லண்டனுக்கு வந்த காரணம்

சவப்பெட்டியில் கிடந்தவரின் பட்டுவேட்டிக் கரையைச் சுசிலா நேராக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ “ஞானா” என்றார்கள்.

நாற்பது வருடத்தில் அவள் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சாருங்கோ’ மட்டும்தான். திரும்பினாள். நரைத்த தலை, கறுப்புக் கோட்டு, ஆல்பத்தில் பார்த்த அதே மூக்கு. கலினா. ஞானேஸ்வரனோடு கீவில் கம்ப்யூட்டர் படித்தவள். புதுவருடத்துக்கு அவள் அனுப்பும் கார்டுகளைச் சுசிலா டிவிக்குப் பின்னால்தான் வைப்பாள்.

“ஆர் இவவுக்குச் சொன்னது?”

“நான்தான்,” என்றாள் மகள் சுவர்ணா. “பாவம் அம்மா, பெர்லினில இருந்து பிளேன் பிடிச்சு வந்திருக்கிறா.”

“எனக்கென்ன. வந்த ஆள் இருக்கட்டும்.”

கலினா பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தாள். அவள் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னதைச் சுவர்ணா தமிழில் சொன்னாள்.

“அப்ப அமெரிக்கன் கம்ப்யூட்டர் சிப்புகளை ரஷ்யாவுக்கு விக்கத் தடையாம். அவையளை வெளிய போகவும் விடமாட்டினமாம். வெளிநாட்டு ஸ்டூடன்ட் எண்டா போகலாம். அதால எண்பத்திமூண்டில அப்பாவை லண்டனுக்கு அனுப்பினதே இவதானாம். லிஸ்டும் எழுதிக் குடுத்தவ. அவர் பால்மாத் தகர ரின்னுக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோக, இவையள் பிரிச்சுப் பாத்து அதேமாதிரிச் செய்யிறதாம்.” சுவர்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பா கடத்தல்காரன்!”

சுசிலா சிரிக்கவில்லை. அந்தக் கோடையில்தான் அவர் ஈஸ்ட் ஹாமில் அவளுடைய அண்ணை வீட்டுக்கு வந்தார். பெண் பார்க்க வந்தவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் இன்றுவரை அப்படித்தான் நம்பியிருந்தாள்.

“அடுத்த வருஷமும் வந்தவர். அதுக்கும் இவதான் லிஸ்ட் குடுத்தவவோ? கேள்.”

கலினா தன் கையுறையைப் பார்த்தபடி மெல்லப் பதில் சொன்னாள்.

“குடுத்தவவாம். ஆனா அப்பா ஒண்டும் வாங்காமல் போயிட்டாராம். அவையளின்ர புரொபெசர் அப்பாவை நல்லா ஏசினவராம். ரின்னுக்குள்ள உங்கட போட்டோதான் இருந்ததாம்.” சுவர்ணா குரலைத் தாழ்த்தினாள். “தான் அண்டைக்கு ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம்.”

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர்கள் போட்டு முடித்த பிறகும் கலினா தூரத்திலேயே நின்றாள். சுசிலாவே தட்டிலிருந்து அரிசியை அள்ளி அவள் கையில் வைத்தாள்.

“வாங்கோ.”

கலினா குனிந்தாள். அரிசி விழுந்தது. வெறுமையான விரல்கள் அவருடைய உதட்டைத் தாண்டிக் கன்னத்தை நோக்கிப் போயின. சுசிலா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பாத்தியளே,” பின்வரிசையில் யாரோ சொன்னார்கள், “அழுகிற மனிசியை எப்பிடித் தாங்கிப் பிடிக்கிறா.”

பெட்டியை மூடும்வரை சுசிலா அந்தக் கையை விடவில்லை.