ஆள் பிடிக்கப் போன வாத்தியார்

கல்லூரியில் வேலைவாய்ப்புக் கண்காட்சி. பட்டதாரிகளைப் பள்ளிக்கூட வேலைக்கு இழுத்துவரும் பொறுப்பு இயற்பியல் வாத்தியார் தலையில் விழுந்தது. தன் பேச்சுத்திறமைதான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு மட்டும்தான் வகுப்பு குறைவு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு பக்கம் வங்கிக்காரர்கள், மறுபக்கம் மென்பொருள் நிறுவனம். நடுவில் ஒரு மேசையும் வாத்தியாரும். பத்து மணிக்கெல்லாம் அவரைச் சுற்றி இருபது பேர்! வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டையைக் கனைத்து, "எதிர்காலத்தைச் செதுக்கும் சிற்பிகளே..." என்று ஆரம்பித்தார். மின்சாரம் போனது. அந்த வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரே மின்விசிறி அவர் தலைக்கு மேலே நின்றது. கூட்டமும் கலைந்தது.

ஒரே ஒரு பெண் நின்றாள். வேதியியல் முதுகலை. கையில் வங்கியின் விண்ணப்பமும் இருந்தது.

"சார், வேலை எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்க."

சிற்பியெல்லாம் இப்போது வாயில் வரவில்லை. "நாலு மணிக்கு மணி அடிச்சிடும்மா. அப்புறம் நோட்டுக் கட்டைச் சுமந்துக்கிட்டு வீட்டுக்குப் போகணும். ஆய்வகத்துல உடைஞ்ச பெஞ்சை அடுக்கி வச்சிருக்கோம். யாரும் எடுக்க மாட்டேங்கற வகுப்பைப் புதுசா வர்றவங்க தலையில கட்டிடுவோம். சந்தேகம்னா கேக்க ஆள் கிடையாது."

"அப்போ நீங்க ஏன் போகலை?"

"மூணு தடவை போகப் பாத்தேன். எவனும் எடுத்துக்கலை."

அவள் சிரித்துவிட்டாள். "சொல்லிக்குடுக்க எனக்குப் பிடிக்கும் சார். ஆனா இப்படின்னா முடியாது." பள்ளி விண்ணப்பத்தின் பின்பக்கம் மூன்று வரி எழுதினாள்: ஆய்வகம் வேண்டும், முதல் வருடம் வகுப்பு குறைய வேண்டும், கேட்டால் சொல்ல ஒருவர் வேண்டும். "இது நடந்தா வர்றேன்."

ஆள் பிடித்துவரச் சொன்னால் மனு வாங்கி வந்திருக்கிறோமே என்று கூனிக்குறுகித்தான் வாத்தியார் அதைத் தலைமையாசிரியையிடம் நீட்டினார். அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார்.

"நியாயம்தானே? பெஞ்சை நாளைக்கே தூக்கிடலாம். ரெண்டு வகுப்பை நான் எடுத்துக்கறேன். கேட்டா சொல்றதுக்கு நீங்க இருக்கீங்க."

"மேடம், பதினாலு வருஷமா அந்த ஆய்வகம்..."

"பதினாலு வருஷத்துல ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டீங்களா சார்? உங்களுக்கு இப்படித்தான் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

ஓய்வறையில் வாத்தியார் புலம்பிய புலம்பலுக்குப் பட்டம் கொடுத்தால் முனைவரே ஆகியிருக்கலாம். கேட்க வேண்டிய காதை விட்டுவிட்டு மற்ற காதுகளையெல்லாம் புளிக்க வைத்திருக்கிறார்.

பள்ளி திறந்ததும் அந்தப் பெண் சேர்ந்தாள். சந்தேகம் கேட்க அவள் வந்தது நாலு முறை. ஆய்வகத்தை வேடிக்கை பார்க்க வாத்தியார் போனது நாற்பது முறை இருக்கும்.

துணிச்சல் வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்றும் ஒரு கோரிக்கை எழுதினார்: 'என் வகுப்பறைக் கூரை ஒளுகுகிறது.'

மறுநாளே தாள் திரும்பி வந்தது. தலைமையாசிரியை 'ளு'வைச் சிவப்பு மையால் வட்டமிட்டு 'ழு' என்று திருத்தி, கீழே அனுமதியும் கொடுத்திருந்தார்.