மூன்று பேருக்கு ஊறப்போட்ட ஞாயிறு

துளசிமணி ஞாயிற்றுக்கிழமையைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரிலிருந்து குண்டாவில் வழித்து, உப்புப் போட்டு, அடிவரைக்கும் கைவிட்டுக் கரைத்தால்தான் காலையில் பொங்கி நிற்கும். அந்த ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். அரிசி உளுந்தோடு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஊறப்போட்டு ஆட்டி வைக்க வேண்டும். ஆட்டாத வீட்டுக்கு மறுநாள் நேரே திங்கட்கிழமைதான்.

மூன்று பேருக்குத்தான் அளந்து போட்டிருந்தாள். அவளுக்கு, புருஷன் மாதேஸ்வரனுக்கு, மகள் இனியாவுக்கு. பனியன் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி என்று மாதேஸ்வரன் ரொம்ப நாளாக ஞாயிற்றுக்கிழமையை வாயில் வைக்கவில்லை. இனியா எழுந்திருக்கும்போது அவன் போயிருப்பான். அவன் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். போன வாரம் வாசலில் அவனைப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த மாமா வந்திருக்காரு" என்றது பிள்ளை. அவன் சிரித்தான். அப்புறம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினான். இந்தத் தடவையாவது நாள் முழுசாக அவனுக்குக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான் துளசிக்கு.

விடிந்தபோது மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. முதல் ஈடு இட்லி வேகும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாதேஸ்வரனின் அக்கா வசந்தாமணி, அவள் வீட்டுக்காரர், பையன்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், முன்னே துளசியோடு கம்பெனியில் பீஸ் மடித்த ஹசீனா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்தவர்களுக்குப் போட்டது போகத்தான் வீட்டாருக்கு. பத்தாமல் போனால் வீட்டுக்காரனுக்குப் பாதியிலேயே திங்கட்கிழமை பிறந்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் அப்படித்தான், கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தவர் எழுந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

வசந்தாமணி அடுப்படியை எட்டிப் பார்த்தாள். "ஏன் துளசி, எல்லாருக்கும் பத்துமா? இல்லாட்டி நாங்க மத்தியானமே கெளம்பிக்கறோம்."

கிளம்புங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பத்துங்க நங்கையா," என்று குண்டாவைப் பார்த்தபடியே சொன்னாள். வசந்தாமணியின் தலை மறைந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ஞாயிற்றுக்கிழமையில் ஊற்றினாள்.

இனி இட்லிக்கு ஆகாது. தோசையாக வார்த்தாள். கரண்டி பட்டதும் அது கல்லின் ஓரம்வரை மெல்லிசாக ஓடியது. நாளும் அப்படியே மெல்லிசாகி விரிந்துகொண்டே போனது. காலை வெயில் நகரவேயில்லை. சாப்பிட்டவர்கள் எடை குறைந்து, பாயிலிருந்து ஒரு சாண் மேலே உட்கார்ந்து கதை பேசினார்கள். வசந்தாமணியின் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் தாழ்ந்தே இருந்தார்.

"இன்னொண்ணு சாப்பிடுங்கண்ணா, பாய் தேயுது," என்றாள் ஹசீனா.

ஃபேனை அணைத்துவிட்டுப் பையன்கள் அதைச் சுற்றி நீந்தினார்கள். ஹசீனாவின் அம்மா மேலே போனபோது ஒட்டடையைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கினார். இனியா முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதேஸ்வரனையே பார்த்திருந்தாள். அப்புறம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கழுத்தை.

அடியில் ஒட்டியிருந்ததை வழித்து மாதேஸ்வரனுக்கு வார்த்துக் கொடுத்தாள் துளசி. தனக்கு வைக்கவில்லை என்பது குண்டாவைக் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் அடுப்படியில் திங்கட்கிழமை ஆகிவிட்டது.

அது பின்வாசல் வழியாக வந்து, ஈரக்காலை மிதியடியில் துடைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தது. துளசி டீ வைத்துக் கொடுத்தாள். சர்க்கரை கம்மி என்றது. டிபன் பாக்ஸுக்கு என்ன என்று கேட்டது. புளிசாதம் என்றாள். சின்ன வெங்காயத்தை எடுத்து வைத்து இரண்டு பேரும் உரித்தார்கள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"அம்மா," இனியாவின் குரல் மேலேயிருந்து வந்தது. "அப்பா கூப்பிடறாரு. தோசையில பாதி உனக்குன்னு வெச்சுட்டு உக்காந்திருக்காரு."

துளசி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கண் எரிந்தது, வெங்காயம். திங்கட்கிழமை அவள் முறத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தான் பார்த்துக்கொள்வதாகவும், ஆனால் செவ்வாய்க்கிழமை சீக்கிரமே வந்துவிட்டால் எங்கே படுக்கச் சொல்வது என்றும் கேட்டது. அவள் ஒரு கால் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் மிதக்க, பரண்மேல் இன்னொரு பாய் இருக்கிறது, அதை எடுத்து உதறிப் போடு என்றாள்.