பெரியவர் பதில் சொல்லவில்லை

வேலையை விட்டு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்து லிஃப்டுக்கு வருவதற்குள் மின்னஞ்சலைப் பூட்டிவிட்டார்கள். இத்தனையும் செய்த புண்ணியவான்கள் ஒன்றே ஒன்றை மறந்துபோனார்கள். கம்பெனியின் பழைய சர்வர் படுத்துவிட்டால் தானாகவே போன் போட்டுச் சொல்லுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. அதை உட்கார்ந்து எழுதியவள் அவள். அதில் யார் நம்பர் இருக்கிறது, எப்படி எடுப்பது என்று தெரிந்த ஒரே ஆளும் அவள்தான். அவளையே அனுப்பிய பிறகு யார் போய் எடுப்பது? அவள் நம்பர் அதிலேயே இருந்தது.

அந்தச் சர்வருக்குப் பெரியவர் என்று பெயர். வைத்ததும் அவள்தான். சரக்குக் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனி அது. எந்த லாரியில் எந்தப் பெட்டி ஏற வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்வது பெரியவரின் வேலை. வயதான உடம்பு, நாளுக்கொரு கோளாறு. பழைய பதிவுகள் நிரம்பி மூச்சு முட்டும், வரிசையில் நிற்கிற வேலைகள் நகராமல் அடைத்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். அவள் மட்டும் வருஷக்கணக்காகக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். அதனால் ஆபீஸில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். அவளுக்குக் கீழே வேலை பார்த்தவனுக்கு மீசை என்று பெயர். அவன் மீசையை எடுத்து எத்தனையோ காலமாயிற்று, பெயரை எடுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது, வேறு வழியில்லாமல் ஆட்களைக் குறைக்கிறோம் என்று வீடியோவில் ஒரு ஆள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னான். அவன் வேலை போகவில்லை. டாக்டரம்மாவின் வேலை போயிற்று.

வீட்டில் அந்த முதல் நாட்களை எப்படித் தள்ளினாள் என்பது தள்ளியவளுக்குத்தான் தெரியும். பாத்திரம் கழுவினாள். கழுவிக் கவிழ்த்ததையே எடுத்து மறுபடி கழுவினாள். நாத்தனார் போன் செய்து, "வீட்ல சும்மாதானே இருக்கே, நல்லா ரெஸ்ட் எடு" என்றாள். அந்தச் 'சும்மா' நாள் முழுக்கக் காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. யாருக்காவது நாம் வேண்டும் என்பதிலேயே ஓடிக்கொண்டிருந்த உடம்பு அது. திடீரென்று யாருக்கும் வேண்டாம் என்றால் கை, கால்களை எங்கே வைப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு காலையில்தான் போன் அடித்தது. எடுத்தாள். உயிரில்லாத அந்த மெஷின் குரல், பெரியவர் பதில் சொல்லவில்லை, செய்தி கிடைத்துவிட்டதென்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. சொன்னால் சிரிப்பீர்கள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒன்றை அழுத்திவிட்டு, ஈரக் கையோடு மீசையைக் கூப்பிட்டாள்.

"மீசை, பெரியவர் படுத்துட்டாரா?"

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா டாக்டரம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"என் நம்பரை எடுக்கலைடா அவங்க. சரி, கேளு. பழைய பதிவு நிரம்பியிருக்கும். அதைத் தள்ளிட்டு, வரிசையை ஒரு தடவை நிறுத்தி எழுப்பு. அவசரப்படாதே. எழுந்திருக்க அவருக்கு நேரமாகும்."

"சரிங்க, பண்ணிடறேன்."

அன்றைக்கு அவள் கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவவில்லை.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். காலையில் மெஷின் கூப்பிடும், அவள் மீசையைக் கூப்பிடுவாள், அவன் சரி என்பான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தலைவாரி, சலவை செய்த புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் மீசை, "நேத்து மேனேஜர் உங்க பேரை எடுத்தார்" என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தான். அது போதும் அவளுக்கு. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பல வாரம் ஓட்டினாள். எப்படியும் கூப்பிடுவார்கள். தான் இல்லாமல் பெரியவர் தாங்கமாட்டார், அது அவர்களுக்கும் புரியத்தானே போகிறது. வேலை தேடி அனுப்புகிற விண்ணப்பத்தில்கூடப் பழைய கம்பெனிக்கு நேரே 'இன்று வரை' என்றுதான் போட்டாள்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகியவர், வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. இந்த விஷயத்தில் மட்டும் ரொம்ப நாள் பிரேக்கில் கால் வைக்காமல் இருந்தார். கடைசியில் ஒரு நாள் மிதித்துவிட்டார்.

"வேண்டாம்னு அனுப்பினவங்களுக்கு நீ எதுக்கு உழைச்சுக் கொட்டறே?"

"அவங்களுக்காக இல்லைங்க. பெரியவருக்கு என் கை பழகிப்போச்சு. பாருங்க, ஒரு நாள் கூப்பிடத்தான் போறாங்க."

"கூப்பிடலைன்னா?"

அவள் போனை எடுத்துச் சார்ஜரில் மாட்டினாள். கூப்பிடாவிட்டால் என்ன என்பதை அவள் தனியாக இருக்கும்போதுகூட நினைத்துப் பார்த்ததில்லை.

நடுவில் வேறு ஒரு கம்பெனி வீடியோவில் நேர்காணலுக்கு அழைத்தது. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் மெஷின் குரல் கூப்பிட்டது. "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போய், மீசையிடம் வைத்தியம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். திரையில் யாரும் இல்லை. வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அதனால்தான் அவர் வேலைவாய்ப்பு முகாம் என்று துண்டு விளம்பரத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது மறுக்க முடியவில்லை. காரில் கூட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டார். பெரிய மண்டபம். உள்ளே எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும், அவ்வளவு கூட்டம். எல்லார் கையிலும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை, எல்லார் முகத்திலும் தூக்கமில்லாத கண். மேஜைக்கு மேஜை வரிசை. குளிர்பதனக் கிடங்குகள் நடத்துகிற கம்பெனியின் வரிசை மற்றதைவிட நீளம். பழைய சர்வர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். இந்தக் காலத்தில் பழையதைத் தெரிந்தவர்களை யாரோ தேடுகிறார்களே என்று அவளும் போய் நின்றாள்.

நின்று கொஞ்ச நேரத்தில் போன் துடித்தது. பெரியவர்தான். வழக்கமான நேரம். ஒன்றை அழுத்திவிட்டு மீசையைக் கூப்பிட்டாள்.

அவளுக்கு முன்னால், நாலைந்து தலை தள்ளி, ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

குழந்தை இல்லை அது. மீசையின் போன். தன் மகள் சிரிப்பதைப் பதிவு செய்து ரிங்டோனாக வைத்திருப்பான், ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரிந்த சத்தம். முன்னால் இஸ்திரி போட்ட நீலச் சட்டை ஒன்று அவசரமாகப் போனை எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டது.

"சொல்லுங்க டாக்டரம்மா." ஒரு காதில் போன் வழியாக, இன்னொரு காதில் நேராக.

"பெரியவர் படுத்துட்டார் போல."

"ஆமாங்க, நானும் பார்த்தேன். இதோ பண்ணிடறேன்."

"சீட்லதான் இருக்கியா?"

"சீட்லதான். ஆபீஸ்ல இன்னைக்கு ஒரே சத்தம்."

அவள் போனை இறக்கினாள். நடுவில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், அவன் தோளைத் தொட்டாள். திரும்பினான். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். காதிலிருந்து போனை எடுக்கவும் மறந்து நின்றான்.

"எப்போடா அனுப்பினாங்க உன்னை?"

"ரொம்ப நாளாச்சுங்க. உங்களுக்கு அடுத்து அனுப்பின கூட்டத்துலயே."

"அப்போ பெரியவரை யார் பார்த்துக்கறா?"

மீசை தரையைப் பார்த்தான். வரிசை ஒரு அடி நகர்ந்தது, இரண்டு பேரும் சேர்ந்தே நகர்ந்தார்கள்.

"பெரியவர் இல்லைங்க. அவர் வேலையெல்லாம் புதுசுக்கு மாத்திட்டாங்க. மொத மொதல்ல எனக்கு போன் பண்ணீங்களே, அன்னைக்குக் காலைலதான் நிறுத்தினாங்க. பட்டனை அமுக்கினது நான். படுத்துட்டாரான்னு அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. போயிட்டாருன்னு எனக்குச் சொல்ல வரலைங்க."

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நோயாளி என்றால் ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே படுப்பார். தினமும் சொல்லிவைத்தாற்போல் அதே நேரத்தில் யார் படுப்பார்? ஒன்றை அழுத்தினால் வாயை மூடு, சரியாகவில்லை என்றால் மறுநாள் இதே நேரம் மறுபடி கூப்பிடு என்று எழுதிவைத்ததே அவள்தான். நிறுத்திப்போட்ட மெஷின் எந்தக் காலத்தில் சரியாகும்? இதைக் கவனிக்காமல் வேறு யாராவது விட்டிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். ஆசை வந்து கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

"செத்துப்போன மெஷினுக்காடா இத்தனை நாள் வைத்தியம் பார்த்தேன்?"

"ரெண்டு பேரும்தான் பார்த்தோம்."

அறையலாமா என்று வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டுமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்து நின்றது.

"வேலை போனப்புறமாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"நினைச்சேங்க. ஆனா காலைல நீங்க கூப்பிட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருந்துச்சு. சட்டை மாத்திக்கிட்டு உங்க போனுக்காக உட்கார்ந்திருப்பேன். சரிங்க பண்ணிடறேன்னு சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?"

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"மேனேஜர் என் பேரை எடுத்தார்னு சொன்னியே. அதுவாவது நிஜமா?"

"அவரை எனக்கு முன்னாலயே அனுப்பிட்டாங்க டாக்டரம்மா."

அத்தோடு முடிந்தது. யாரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. இத்தனை மாதமாக வாசல் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு யாரும் இல்லாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இருந்தும் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை.

"நிறுத்தும்போது ஏதாவது மக்கர் பண்ணினாரா?"

"இல்லைங்க. விசிறி மட்டும் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன்."

"நல்ல காரியம் பண்ணினே" என்றாள். இதை மனசாரச் சொன்னாள்.

மீசையின் முறை வந்தது. "நீங்க போங்க டாக்டரம்மா, எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுங்கப் பார்த்தான். "போடா. உன் முறை, நீ போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். போனான், பேசினான், எழுந்து வந்து சுவரோரமாக நின்றுகொண்டான். வெளியே போகவில்லை. அவள் வரிசையில் தன் இடத்துக்கே திரும்பினாள், நடுவில் நின்ற ஆட்களும் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள்.

அவள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் களைத்த குரல்.

"இன்று வரைன்னு போட்டிருக்கீங்க. இப்பவும் அங்கதான் வேலை பார்க்கறீங்களா?"

ஆமாம் என்கிற வார்த்தை பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"இல்லைங்க. அவங்க என்னை அனுப்பி ரொம்ப நாளாச்சு. அது தப்பா போட்டது, அடிச்சுடுங்க."

அந்தப் பெண் பேனாவை எடுத்து அந்த இரண்டு சொற்களின் மேல் கோடு போட்டாள். போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இப்போ என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. வேலை வேணும்."

வேலை போன நாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. வீட்டுக்காரரிடம் சொன்னதில்லை, தனக்குத்தானேகூடச் சொன்னதில்லை. சொன்ன பிறகு குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று மேலே பேசினாள். "பழைய மெஷின் எதுவா இருந்தாலும் பார்த்துக்கறேன். எத்தனை சிரமம் குடுத்தாலும் பரவாயில்ல. எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்."

மேஜைக்காரப் பெண் அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். பிறகு, "இவங்க எல்லாரையும் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். உறுதியா எதுவும் சொல்றதுக்கில்ல" என்றாள். "போன் நம்பர் மட்டும் சொல்லுங்க."

டாக்டரம்மா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, நம்பரை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னாள். அந்தப் பெண் எழுதி முடித்து, அடுத்த ஆளை நோக்கித் தலையை உயர்த்தினாள்.

"ஒரு தடவை திருப்பிப் படிச்சுக் காட்டுங்கம்மா" என்றாள் இவள்.